கோடித்துணி நிறம்

"சொட்டுத் தண்ணி உள்ள எறங்காதுங்க்கா, அதுக்கு நான் பொறுப்பு" என்றான் கடைக்காரன் சபரிநாதன். சொன்னதோடு நிறுத்தினானா, பாட்டிலைத் திறந்து கறுப்பு உறையின் மேல் தண்ணீரைச் சரித்து வேறு காட்டினான். தண்ணீர் உருண்டு மேசை விளிம்புக்கு வந்து சுகந்தியின் கால்விரல் மேல் விழுந்தது. அறிவு கெட்டவன். துடைக்க ஒரு துணி எடுத்துக் கொடுப்பான் என்று பார்த்தால், வித்தை காட்டியவன் காசுக்கு நிற்பதுபோல் சிரித்துக்கொண்டு நிற்கிறான். காலை உதறிக்கொண்டாள். தண்ணீர், தண்ணீர், போன ஐப்பசியிலிருந்து இதே தண்ணீர்ப் பேச்சு. கோயமுத்தூரில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டத்துக்கு வேறு பேச்சே வாயில் வராது போல. நாள்கணக்கில் ஓட்டுகிற பந்தயத்தில் கூடாரத்தைச் சுமந்துகொண்டு போக முடியாது. அதனால் ஆள் நீளத்துக்கு ஒரு உறை. ஓய்ந்த இடத்தில் விரித்து, உள்ளே நுழைந்து, ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணசர வேண்டியது, எழுந்து சுருட்டிக் கட்டிக்கொண்டு மறுபடி மிதிக்க வேண்டியது. பிவி பேக் என்று பேர். பேரைப் பார், கொசு மருந்து மாதிரி. லேசாக, நனையாததாக அதில் ஒன்று வாங்கத்தான் சுகந்தி வந்திருக்கிறாள், அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவள் சொன்னதால் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன பந்தயத்தில் பை ஒழுகிவிட்டது, நனைந்துபோய்த் தூக்கம் கெட்டது, அதனால்தான் முடிக்காமல் விட்டேன் என்று அவள் சொன்னாள். பொய். பை ஒழுகவே இல்லை. மோட்டார் பம்பு கம்பெனியில் பம்பு ஒழுகுகிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற வேலை அவளுக்கு. "ஊரு பம்பையெல்லாஞ் சோதிக்கறவ ஒரு பையச் சோதிக்காம வுட்டுட்டயே அம்மிணி" என்று அவளைக் கட்டிய மோகனசுந்தரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும். ஒழுகிய பையைப் பற்றியே சிரித்துத் தொலைக்கட்டும். அடுத்த மாதம் மறுபடி பந்தயம். இந்தத் தடவையும் வழியில் கண்ணை மூட முடியாவிட்டால் முடிக்க முடியாது. முடிக்காவிட்டால் இனி இந்தச் சைக்கிளைத் தூக்கிப் பரண்மேல் போட வேண்டியதுதான். தூங்க ஒரு இடம் வேண்டும் அவளுக்கு, அவ்வளவுதான் அவள் கேட்பது, அதற்கு இவன் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறான்.

"இது ரெண்டு மாம்பழ வெயிட்டுங்க்கா, கைல புடிச்சுப் பாருங்க" என்று ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைப் பிரித்துப் போட்டான். ஆரஞ்சு. ரோட்டோரத்தில் ஆரஞ்சு நிறத்தில் படுத்துக்கொண்டு, இங்கே ஒருத்தி படுத்திருக்கிறாள் வாங்கடா என்று தண்டோராவும் போட்டுவிடலாம். "டாக்டர் சார் இதைத்தானுங்க்கா எடுத்துட்டுப் போனாரு." டாக்டர் சார் என்றால் குருபிரசாத். பல் டாக்டர், பாரம் குறையட்டும் என்று பல் விளக்குகிற பிரஷ்ஷையே பாதியாக வெட்டிக்கொண்டு வருகிறவன். வாட்ஸ்ஆப் குழுவில் அவன் பாடம் எடுக்காத நாள் இல்லை. நாய்க்குப் பக்கத்தில், சட்டையில்லாமல், வாயைப் பிளந்துகொண்டு நிழற்குடையில் அவன் தூங்குகிற படத்தை அவனே போட்டு, 'உடம்பு களைச்சா எங்க வேணாலும் படுக்கலாம், மனசுதான் காரணம்' என்று கீழே எழுதுவான். அதற்கு முப்பது பேர் கும்பிடு போடுவார்கள். எங்கே வேண்டுமானாலும். அந்தத் தொப்பைக்கு எங்கே வேண்டுமானாலும் தூக்கம் வரும், யார் அதைத் தொடப் போகிறார்கள். 'சுகந்தி மேடம் கேஸ்ல திட்டமிடல் போதல' என்று அவளைப் பாடமாகவே வைத்துப் பேசினான் ஒரு நாள். அவளும் கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டாள். போட்ட கையை உடைக்க வேண்டும். போன் அடித்தது. மோகனசுந்தரம்தான். "என்ன அம்மிணி, எடுத்துட்டயா? காசப் பாக்காத, ஒழுகாததாப் பாத்து எடு." "ம்." "ரெண்டு தையல் போட்டதாப் பாரு, தையல்ல பட்டை ஒட்டியிருக்கோணும்." "ம்." "சாப்ட்டயா?" "வெக்கறேன்." நல்லவன். நல்லவனாக இருப்பதுதான் கடுப்பு. உள்ளதைச் சொன்னால் ஒரு வார்த்தை தடுக்க மாட்டான், காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவான். பின்னால் துணைக்கு ஆள் வந்தால் பந்தயத்திலிருந்து பேரை அடித்துவிடுவார்கள், அதுதான் விதி. அடிக்காவிட்டாலும்தான் என்ன, நாற்பத்தோரு வயதுக்காரி புருஷன் காரின் லைட் வெளிச்சத்தில் சைக்கிள் ஓட்டுகிற கண்றாவிக்கு வீட்டில் கிடந்து டிவி பார்க்கலாம். அதனால் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாய் திறக்காமலே ஊறிப்போய்விட்டது.

"ஒருக்கா உள்ள படுத்துப் பாருங்க்கா, அப்பத்தான் நீளஞ் செரியா தெரியும்." கடையின் நடுவில், தொங்குகிற டயர்களுக்குக் கீழே, ஒரு பாயை விரித்தான். சரி, பார்த்துவிடுவோம் என்று செருப்பைக் கழற்றி ஆரஞ்சுக்குள் காலை விட்டாள். புது ரப்பர் வாசம். துணி தோளுக்கு வந்ததும் சபரிநாதன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று குனிந்து ஜிப்பை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான். கிர்ர்ரென்று அது கழுத்துவரை வந்து நின்றது. வலது கை எங்கே. வலது கை இடுப்போடு ஒட்டிக் கிடந்தது. மேலே தூக்கினாள், முழங்கை துணியில் முட்டியது. ஜிப்பின் நாக்கு வெளியே இருந்தது. உள்ளே விரலுக்கு அகப்பட்டது வெறும் பல்வரிசை. வெளியே நாக்கு, உள்ளே பல். எவன் செய்தான் இதை, எந்த முண்டம் செய்தது, வெளியிலிருப்பவன் பூட்டவும் திறக்கவும், உள்ளே இருப்பவள் பல்லைத் தடவவும். தடவினாள். நகத்தால் சுரண்டினாள். சரசரவென்று அந்தச் சத்தம், அதே சத்தம். சத்தம் போடாதே. மூச்சு விடாதே. இது கடை, இது கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை, மேலே டியூப்லைட். "திற" என்றாள். குரல் வரவில்லை. "தெறடா" என்று காலால் உதைத்தாள். டயர் ஸ்டாண்டு ஆடியது. சபரிநாதன் பதறிப்போய்த் திறந்துவிட்டான். "என்னங்க்கா, வேர்த்துருச்சுங்களா? இது மூச்சு விடற துணிதானுங்களே." துணி மூச்சு விடுகிறதாம். அவள் விட வேண்டாமா. எழுந்து உட்கார்ந்து, அவன் நீட்டிய அந்தப் பாட்டில் தண்ணீரையே வாங்கிக் குடித்தாள்.

போன பந்தயத்தில் எஞ்சினை அணைத்தார்களே, அதுதான். வண்டி நிற்பது ஒன்றுமில்லை, ஆயிரம் வண்டி நிற்கும், போன் பேச நிற்கும், சிகரெட் பற்றவைக்க நிற்கும். நின்ற வண்டி உறுமிக்கொண்டே இருந்தால் அது போகப் போகிற வண்டி. அணைத்தால் அது இருக்கப் போகிற வண்டி. ராத்திரி கூட இல்லை அது. பொழுது சாய்கிற நேரம், தேனிப் பக்கம் ஒரு நிழற்குடை, பொசபொசவென்று தூறல். ராத்திரி படுத்தால் பயம், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே கொஞ்சம் தூங்கிவிட்டு ராத்திரி முழுக்க ஓட்டலாம் என்று அவள் போட்ட கணக்கு. திட்டமிடல் போதல என்கிறான் அந்தப் பல்பிடுங்கி. பச்சை உறைக்குள் மூக்குவரை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சடை நனைந்திருந்தது, உள்ளே விட்டால் உறை ஈரமாகும் என்று சடையை மட்டும் வெளியே போட்டிருந்தாள். இந்தக் கதையில் தண்ணீர் என்றால் அது ஒன்றுதான், ஒரு ஈரச்சடை. எஞ்சின் அணைந்தது. செருப்புச் சத்தம், ரெண்டு ஜோடி. "என்னடா இது, மூட்ட?" "மூட்ட இல்லடா, ஆளு." தொடையில் ஒரு கால் இடித்தது, பலமாகக்கூட இல்லை, கீழே கிடக்கிற தேங்காயை உருட்டிப் பார்க்கிறது மாதிரி. "முடியப் பாரு. பொம்பளடா." அதற்குப் பிறகு ரெண்டு பேரும் பேசவில்லை. பேசாமல் இருந்தார்களே அதுவும்தான். ரெண்டு ஆண்கள் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறவளுக்கு எப்படித் தெரிந்தது. தெரிந்தது. வலது கை ஜிப்பைத் தேடியது. பல், பல், பல். தோளில் ஒரு கை விழுந்தது. தோளோடு நிற்கவில்லை. கத்த வேண்டும், கத்துவதற்குத்தானே வாய், பள்ளிக்கூடத்தில் கபடி பாடின வாய். ஆனால் உடம்பு கட்டையாகிப் போனது. யோசித்துச் செய்ததில்லை அது, சாமர்த்தியம் கீமர்த்தியம் ஒன்றும் இல்லை, மரத்துப்போய்க் கிடந்தாள். "டேய்" என்றான் மற்றவன். "அசையவே இல்ல பாரு. சைக்கிளு வேற கெடக்கு. லாரிக்காரன் எவனாவது அடிச்சுப் போட்டுருப்பான், யாரோ மூடி வச்சுட்டுப் போயிருக்காங்க. பொணம்டா." கை வெடுக்கென்று போனது. "தொட்டுட்டேனேடா." "போயி மொதல்ல தல முழுகு. அப்படியே வீட்டுக்குள்ள போயிராத, சின்னப் புள்ளைக இருக்கு." எஞ்சின் உயிர் பெற்றது. போய்விட்டார்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. அந்த வீட்டு வாசலில் அவன் நின்று, உள்ளே வராதீங்க தள்ளி நில்லுங்க என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, பெண்டாட்டியைக் கூப்பிட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தலையோடு ஊற்றிக்கொண்டிருப்பான். அவளும் பாவம், என்ன ஏது என்று கேட்டிருப்பாள். ரோட்டில் ஒரு பிணம், தெரியாமல் தொட்டுவிட்டேன் என்று சொல்லியிருப்பான். ஐயோ பாவம் யார் பெற்ற பிள்ளையோ என்று அவள் சொல்லியிருப்பாள். சாம்பிராணி போட்டிருப்பாள். ஏண்டா, ரோட்டில் கிடந்தவள் உசுரோடு இருந்து, தொட்டுவிட்டு வந்திருந்தால் தலை முழுகியிருப்பாயா. அப்படியே உள்ளே போய்ச் சோறு தின்றிருப்பாய், பிள்ளையை மடியில் தூக்கி வைத்திருப்பாய். உயிரோடு இருக்கிறவளைத் தொட்டால் எவனும் குளிப்பதில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது, குழுவில் போடலாமா, முப்பது பேர் கும்பிடு போடுவார்களா. அன்றைக்கு எழுந்து மிதித்தவள் அதற்குப் பிறகு படுக்கவே இல்லை. அந்த ராத்திரி முழுக்க, மறுநாள், அதற்கடுத்த ராத்திரி. கண்ணை மூடினால் எங்கோ ஒரு எஞ்சின் அணையும். பல்லடம் தாண்டி, ஊர் வந்துவிட்டது என்கிற இடத்தில், மிதித்துக்கொண்டே தூங்கி வாய்க்காலுக்குள் போனாள். தூக்கிவிட வந்த குருபிரசாத் அக்கறையாகக் கேட்டான், ஏன் மேடம் எங்கயும் படுக்கலீங்களா. வாயிலிருந்து தானாக வந்தது, பை ஒழுகிருச்சு. அப்போதுகூட உடம்பெல்லாம் வாய்க்கால் தண்ணீர்தான், எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து வீட்டில் கட்டிலில் படுத்தாலும், மோகனசுந்தரம் வேலைவிட்டு வந்து வாசலில் வண்டியை அணைத்தால் அவளுக்குத் தோள்பட்டை இறுகுகிறது. அவன் பாவம் வண்டியைத்தான் அணைக்கிறான்.

"நீலத்துல ஒண்ணு இருக்குதுங்க்கா, பாக்கறீங்களா?" பார்க்கவில்லை. அவள் அலமாரிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு சுருட்டு தூசி படிந்து கிடந்தது. "அது என்ன?" "அது வேண்டாமுங்க்கா." "என்னன்னு கேட்டேன்." "அதும் பிவிதானுங். நெசத்தச் சொல்லோணும்னா இருக்கறதுல அதுதான் லேசு. தண்ணியும் எறங்காது. ஜிப்பு உள்ளயும் புடிக்கலாம், வெளியவும் புடிக்கலாம். ஆனா..." இழுத்தான். மேசையில் இருந்த தண்ணீரை இப்போதுதான் துடைக்க ஆரம்பித்தான். "ஆனா என்ன?" "நெறந்தானுங்க்கா. வர்றவிய எல்லாம் ஆசையா விரிச்சுப் பாக்கறாங்க, அப்பறம் ஒண்ணுஞ் சொல்லாம மடிச்சு வெச்சுட்டுப் போயிர்றாங்க. கோடித்துணியாட்ட இருக்குதுங்க." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா நெனைக்காதீங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, நீங்க சுமங்கலி." கோடி. மாமியார் செத்த அன்றைக்கு அந்த அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து, சேலைக்கு மேலே போர்த்தக் கோடி வந்தது, இதே நிறம், கஞ்சி மொடமொடப்போடு. மாமியார் என்றால் அந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் ஏசலாம், மாமனார் கை ஓங்கலாம், அடிக்கலாம், மூத்த மகன் போடி வாடி என்னலாம். காலமெல்லாம் அந்தப் பொம்பளை மேல் படாத கையில்லை. கோடியைப் போர்த்தினார்கள் பார், கூடம் முழுக்கத் தள்ளி நின்றது. மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கும்பிட்டார். தூக்கிப் போனவர்கள் அத்தனை பேரும் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வாசப்படி ஏறினார்கள். அன்றைக்குத்தான் அந்த அம்மா வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவரும் கிட்டே வராமல் படுத்திருந்தாள். சுகந்தி அப்போது அழுதாள், எல்லோரும் மருமகளுக்கு எவ்வளவு பாசம் பார் என்றார்கள். பாசமும் இல்லை ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சல்.

"எடு அதை." "அக்கா..." "எடுங்கறேனில்ல." ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தான். தூசியைத் தட்டினான். கையில் வாங்கினாள், கனமே இல்லை. பாயின் மேல் நீளமாக விரித்தாள். "கடைக்குள்ள வேண்டாங்க்கா, ஊட்டுக்குக் கொண்டுபோயிப் பாருங்க, பிடிக்கலைன்னா நான் மாத்தித் தர்றேன்" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நுழைந்தாள். கால், இடுப்பு, தோள். இந்தத் தடவை ஜிப்பை அவளே பிடித்தாள், உள்ளே ஒரு நாக்கு இருந்தது, தேடாமல் விரலுக்கு வந்தது. தாடை, மூக்கு, நெற்றி என்று தலைக்கு மேலேவரை இழுத்து மூடினாள். சடையை மட்டும் வெளியே போட்டாள். டியூப்லைட் துணிக்கு அந்தப்பக்கம் பால் மாதிரித் தெரிந்தது. உள்ளேயிருக்கிற நாக்கை ஒருதடவை இறக்கி ஏற்றினாள். இறங்கியது, ஏறியது. விட்டுவிட்டாள். கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. எஞ்சின் அணைந்தது. தோள்பட்டை இறுகப் போகிறது என்று காத்திருந்தாள். செருப்புச் சத்தம் படியேறியது, உள்ளே வந்தது, பாதியில் நின்றது. "ஏனுங்... கொரியர்ங்... யாருங்க இது, என்னாச்சுங்?" ஒரு ஆணின் குரல், கடைசி வார்த்தையில் தேய்ந்து போனது. "ஒண்ணுமில்லீங், சைக்கிள் பை, அக்கா படுத்துப் பாக்கறாங்க" என்று சபரிநாதன் சிரித்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லை. செருப்பு ஒரு அடி பின்னால் போனது, இன்னொரு அடி. பார்சலை வாசல்படியிலேயே வைத்துவிட்டு வந்தவன் போய்விட்டான்.

தோள்பட்டை இறுகவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். தேனிப் பக்கத்து நிழற்குடையில் படுத்துக்கொள்ளலாம், அதே நிழற்குடையில், அதே மூலையில், சைக்கிளைச் சாய்த்து வைக்காமல் அடிபட்ட மாதிரி கீழே போட்டுவிட்டு. வருகிறவன் வரட்டும், எஞ்சினை அணைக்கட்டும், தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போகட்டும். இந்த ஊரில் மானமாக ஒரு பெண் படுக்க வேண்டுமென்றால் செத்துப் படுக்க வேண்டும், சரி, செத்துப் படுக்கிறேன், இதைவிட லேசான பை கடையில் இல்லையே. முடித்துவிட்டு வந்து அந்தப் பல் டாக்டர் முகத்தில் இதை விரித்துப் போட வேண்டும். என்ன ஏது என்று கேட்கட்டும், ஒழுகவில்லை என்று சொல்ல வேண்டும். கண்ணுக்குள் மணல் மாதிரி எதுவோ இறங்கியது, கடையில் டயர் வாசம், ரோட்டில் பஸ்ஸின் ஹாரன், தூரத்தில் யாரோ பேரம் பேசுகிறார்கள். "அக்கா" என்றான் சபரிநாதன். "அக்கோவ். எந்திரிங்க்கா, ஆளுக வர்ற நேரம்." குரல் மேசைக்கு அந்தப்பக்கமிருந்து வந்தது. கொஞ்சம் கழித்துக் கிட்டே வந்தது. குனிகிறான், முட்டி மடக்குகிற சத்தம் கேட்டது, மூச்சுகூடக் கேட்டது. "சுகந்திக்கா. வெளையாடாதீங்க்கா." தோளை ஒரு தட்டுத் தட்டினால் எழுந்துவிடுவாள், அவனுக்கும் அது தெரியும், கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். கை வரவில்லை. தொடுடா பார்க்கலாம் என்று நினைத்தபடியே சுகந்தி தூங்கிப்போனாள்.